குளிர்ந்த தலையை விட்டு இறங்கியவை

வெள்ளைத் தலையணை உறையின்மேல் ஒரு பேன் நடந்துகொண்டிருந்தது.

மில்லர்புரம் வீட்டின் முன்னறையில் நாற்காலிகளை அகற்றிவிட்டுக் குளிர்பெட்டியை வைத்திருந்தார்கள். கண்ணாடி மூடிக்கு அடியில் என் மனைவி ஜெசிந்தா கிடத்தப்பட்டிருந்தாள். விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. விடியற்காலையில் இறந்தவளைப் பெண்கள் குளிப்பாட்டி உடுத்தியபோது எதுவும் தென்படவில்லை. உடலில் அப்போது வெதுவெதுப்பு மிஞ்சியிருந்தது.

பெட்டியின் இயந்திரம் உறுமத் தொடங்கி அதிக நேரம் ஆகியிராது. காதுமடலுக்குப் பின்னாலிருந்து முதல் பேன் வெளியே வந்தது. பிறகு நெற்றியின் மேல் விளிம்பில் இன்னொன்று. அது புருவம்வரை இறங்கி, அங்கே நின்று, போகுமிடம் தெரியாமல் ஒரு வட்டமிட்டது.

கூட்டத்தில் அதை முதலில் கண்டவன் நானாகத்தான் இருப்பேன். என் கண் வாழ்நாளெல்லாம் அதற்கே பழகியது. ஆனால் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் குரல்களும் ஒவ்வொன்றாகத் தயங்கின. முன்வரிசையிலிருந்த என் அக்காள் செலஸ்டின் எழுந்தாள். முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ஜெசிந்தாவின் நெற்றியைத் துடைக்கப் போனாள். கை கண்ணாடியில் முட்டியது. முட்டிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

பேன் பார்க்கப் படித்தவன்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் துறைமுகக் கிடங்குப் புறாக்களின் பேன்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஆய்வு செய்ய உலகத்தில் வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். விலங்குகளின் மேல் ஒட்டி வாழும் பேன்களே என் ஆய்வுப் பொருள். ஜெசிந்தா பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. என்னைப் பற்றி யாரேனும் விசாரித்தால், "எங்க வீட்டுக்காரவுக பேன் பாக்கதுக்குன்னே பட்டம் வாங்குனவுக" என்று முகம் மாறாமல் சொல்வாள்.

எங்கள் திருமணம் முடிந்த வாரத்தில், புதுப்பெண்ணுக்குத் தலை பின்ன அமர்ந்தாள் அக்காள். சற்று நேரத்தில் கட்டைவிரல் நகத்தின்மேல் எதையோ ஏந்தியபடி, உறவினர் நிறைந்திருந்த முன்னறைக்கு வந்தாள்.

"ஏலே, பேன் வாத்தியாரே. சீதனத்துல இது ஒண்ணு விட்டுப்போச்சு. வேணுமா?"

நான் வாங்கிக்கொண்டேன். ஆல்கஹாலில் இட்டு, பிறகு கண்ணாடித் தகட்டில் பதித்தேன். தகட்டின் ஓரத்தில் பேனின் பெயரையும் அது எந்த உடலில் வாழ்ந்தது என்பதையும் எழுதுவது எங்கள் முறை. 'மனிதன்' என்று மட்டும் எழுதினேன். கோபத்தில் இரண்டு நாள் பேசாதிருந்த ஜெசிந்தா, மூன்றாம் நாள் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னை ஒரு மனுசன்னு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தருதான்."

உடலே பூமி

பேனுக்குச் சிறகில்லை. தாவவும் இயலாது. தலையை விட்டு விலகினால் ஓரிரு நாளில் மடியும். ஒரு விலங்கின் உடலே அதற்குப் பூமி. ஆகவே, ஒரு விலங்கினம் நெடுங்காலத்தில் இரண்டாகப் பிரிந்தால், அதன்மேல் வாழ்ந்த பேனும் பெரும்பாலும் இரண்டாகப் பிரிகிறது. மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையிடமிருந்து விலகினார்கள். அவர்களுடைய பேன்களும் அவ்வாறே விலகின. மனிதன் உடுத்தத் தொடங்கியபோது, தலைப் பேனின் ஒரு கிளை கழுத்துக்குக் கீழே இறங்கித் துணியின் தையலில் குடியேறியது. முதல் ஆடை எப்போதோ மட்கிப் போயிற்று. அதை உடுத்திய காலத்தைப் பேனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் கடற்பசுவுக்குப் பேன் கிடையாது. அதன் மூதாதை நிலத்தை முற்றாகக் கைவிட்டுக் கடலுக்குள் போனது. கூடச் சென்ற பேன்கள் எங்கோ ஒரு தலைமுறையில் அற்றுப்போயிருக்க வேண்டும்; ஈர் நீருக்குள் பொரிப்பதில்லை. குளிர்நாட்டுச் சீல்களும் கடல்வாழ் விலங்குகளே, ஆனால் குட்டி ஈனக் கரையேறுகின்றன. அவற்றின் பேன் இன்றும் இருக்கிறது.

உடலின் சூடு ஏறினாலும் இறங்கினாலும் பேன் அதைத் தாங்காது. கடுங்காய்ச்சல்காரனின் தலையை விட்டு வெளியேறும். இறந்தவனின் தலை குளிரும்போதும் வெளியேறும். இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது கடைசி வரிசையில் யாரேனும் தலையைச் சொறிவார்கள், வகுப்பே சிரிக்கும்.

குசினியில் கேட்ட கேள்வி

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, குசினியில் வைத்துச் செலஸ்டின் அக்காள் ரெஜினாவைக் கேட்டாள். எங்கள் கரையோர வீடுகளில் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வோம்.

ரெஜினா ஜெசிந்தாவின் தங்கை. கணவனை இழந்தவள், பிள்ளையில்லை. முத்தையாபுரத்தில் தையல் வேலை செய்து தனியே வாழ்பவள். ஜெசிந்தா படுக்கையில் விழுந்ததும் ஒரு பையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு வாசலைக்கூட அவள் அதிகம் தாண்டியதில்லை. ஜெசிந்தா பயந்து விழிப்பாள் என்று ஒரே தலையணையில் தலை வைத்து அருகிலேயே படுத்துக்கொண்டாள். ஜெசிந்தாவின் வாயில் கடைசித் தண்ணீரை விட்டவளும் அவளே.

"ஏளா, இத்தன மாசம் அவ பக்கத்துலதான கெடந்த? தலைய ஒரு நாளாவது பாத்தியா?"

ரெஜினா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஊரே பாத்துச்சுளா. அனாதைப் பொணம் மாதிரில்லா கெடந்தா."

அன்று மாலை ரெஜினா தன் பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்த கைதான், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கல்லறையில் முதல் மெழுகுவத்தியை ஏற்ற வேண்டும். அந்தக் கை ஏற்றிய பிறகே கணவனும் பிள்ளைகளும் ஏற்றலாம். அக்காள் இம்முறை அதைத் தானே ஏற்றப்போவதாக உறவுகளிடம் சொல்லிவிட்டாள். தலையைக்கூடப் பார்க்காதவள் எந்தக் கையால் ஏற்றுவாள் என்று கேட்டாளாம். கேட்ட எவரும் மறுக்கவில்லை. ரெஜினாவுக்கு இந்த வீட்டில் சேரவேண்டியது அந்த ஒரு சுடர்தான். வேறெதையும் அவள் என்றும் கேட்டதில்லை.

நடந்தது வேறு. புற்றுநோய் மண்டையோட்டு எலும்புக்குப் பரவியபின் சீப்பின் பல் பட்டாலே ஜெசிந்தா துடித்தாள். பேன் மருந்தின் நெடிக்கு வாந்தி எடுத்தாள். மயிரைக் கத்தரித்துவிடலாம் என்று ரெஜினா மன்றாடினாள், ஜெசிந்தா ஒப்பவில்லை. மருந்து ஏற்றிய காலத்தில் மயிர் முழுவதும் உதிர்ந்து, அதை மருத்துவர்கள் நிறுத்தியபின் புதிதாக முளைத்திருந்தது. குழந்தையின் மயிர்போல் மென்மையாகச் சுருண்டிருந்தது. கண்ணாடி கேட்டு வாங்கி அதைப் பார்ப்பாள்.

"எனக்குத்தான் பசி செத்துப்போச்சு. அதுகளாவது சாப்பிடட்டும், விடுளா" என்று தங்கையின் கையிலிருந்த கத்தரிக்கோலைத் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

இதையெல்லாம் அக்காளிடம் சொன்னேன். நோயாளி ஆயிரம் சொல்வாள், பார்த்துக்கொள்கிறவளுக்குப் புத்தி வேண்டாமா என்றாள். பிறகு நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். உடல் குளிர்ந்தால் பேன் ஏன் வெளியேறுகிறது என்று வகுப்பில் சொல்வதைப்போல் விளக்கினேன். அவள் இடைமறிக்காமல் கேட்டாள்.

"பேன் ஏன் எறங்குச்சுன்னு நான் கேக்கல தம்பி. பேன் ஏன் இருந்துச்சுன்னு கேக்குதேன்."



பூநாரையும் வாத்தும்

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மனம் பழைய இடங்களுக்குப் போயிற்று.

உப்பளங்களில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும். தொலைவிலிருந்து பார்த்தால் வெள்ளை உப்புக் குவியல்களுக்கிடையே இளஞ்சிவப்பாக ஒரு கோடு அசையும். என் முதல் ஆய்வு அவற்றின் பேன்களைப் பற்றியது. இறந்து கிடக்கும் பறவைகளைத் தேடி, சேறும் உப்பும் கலந்த பாத்தி வரப்புகளில் நடந்திருக்கிறேன். கால் வெடிப்பில் உப்பு ஏறும் எரிச்சலை இப்போதும் நினைக்க முடிகிறது.

பூநாரைப் பேன்கள் வாத்துகளின் பேன்களை ஒத்தவை. பேன் ஒத்திருந்தால் விலங்குகளும் உறவாக இருக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. எனவே பூநாரை வாத்துக்கு நெருங்கிய உறவு என்று சிலர் வாதிட்டனர், நானும் நம்பினேன். பின்னாளில் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். பூநாரைக்கு நெருங்கிய உறவு வாத்து அல்ல, குளங்களில் மூழ்கி எழும் சின்னஞ்சிறு முக்குளிப்பான். அப்படியானால் பேன்கள் ஒத்திருப்பது ஏன்? எப்போதோ, ஏதோ ஒரு நீர்நிலையில், இரண்டு இனங்களும் இறகோடு இறகு உரச நின்றிருக்கின்றன. பேன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்திருக்கிறது.

உறவைத் தேடியவர்களுக்குப் பேன் பொய் சொன்னதாகத் தோன்றியது. ஆனால் அது தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. இந்த உடலும் அந்த உடலும் ஒரு காலத்தில் தொட்டுக்கொண்டன என்பது அதன் சாட்சியம். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் பெண்கள் நோயாளியைப் பார்க்க வந்தால், தூர நின்று நலம் கேட்டுவிட்டுப் போவதில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். மருத்துவமனைத் தாதியர் அதட்டினாலும் கேட்பதில்லை. ஜெசிந்தாவின் கட்டிலிலும் ஒவ்வொருத்தியாகக் குனிந்து, அந்தப் புதுமயிரில் கன்னத்தை வைத்து அழுதுவிட்டுப் போனார்கள். அதிக நேரம் அழுதவள் செலஸ்டின் அக்காள்.

முத்தையாபுரம்

முப்பதாம் நாளுக்கு முந்தின நாள் ரெஜினாவைத் தேடிப் போனேன். பேருந்து சன்னலில் உப்புக் காற்றோடு ஆலைகளின் சாம்பலும் வந்தது. முன்னால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன.

வழியில் ஏனோ அமெரிக்காவின் ஒரு பெருங்கழுகு நினைவுக்கு வந்தது. அவ்வினம் அழியும் தறுவாயில் இருந்தது. எஞ்சியவற்றைப் பிடித்து, கூண்டில் வளர்த்து, காப்பாற்றினார்கள். காப்பாற்றும்போது, நல்லெண்ணத்தோடு, அவற்றின் பேன்களை மருந்திட்டு ஒழித்தார்கள். அந்தப் பேன் வேறெந்தப் பறவையிலும் வாழாதது. கழுகு பிழைத்தது. அதன் மூதாதையரோடு சேர்ந்தே வந்த பேன் உலகத்திலிருந்து இல்லாமல் போயிற்று. யாரும் துக்கம் கொள்ளவில்லை, கொள்ளவும் வேண்டியதில்லை. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ரெஜினா தலையில் துணியைச் சுற்றியிருந்தாள். தையல் இயந்திரத்தின்மேல் உறை போட்டிருந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் அத்தான். செலஸ்டின் அக்காவே ஏத்தட்டும். பெட்டிய சுத்தி நின்னு எல்லாரும் பாத்தாவ. நான் எந்த மொகத்த வச்சிட்டு வாரது?"

பேசிக்கொண்டே துணிக்குள் விரலை விட்டுச் சொறிந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"உனக்கும் இருக்குதா?"

"இருக்கும்ல. ஒரே தலகாணிதான."

"சீவி எடுத்திருக்கலாமே ரெஜினா."

அவள் உறை போட்ட இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்க மனசு வரல அத்தான்."

 எழுந்து நின்று, நாளை மதியம் நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். சொன்னபடியே சென்றேன். அவள் வெள்ளைச் சேலை உடுத்தி வாசலில் நின்றாள். தலையில் அதே துணி.

பின்கட்டில்

பூசை மாலையில். உறவுப் பெண்கள் மதியமே வந்து, வீட்டின் பின்கட்டில் அமர்ந்து கல்லறைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா தண்ணீர்த் தொட்டியின் அருகில் நின்றுகொண்டாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"வந்துட்டியாக்கும்" என்றாள் அக்காள், கையிலிருந்த வாழைநாரிலிருந்து கண்ணெடுக்காமல். பிறகு கொண்டை ஊசியை உருவிக் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் அப்படிச் சொறிவதை நான் பார்த்துவந்தேன்.

பெண்கள் கூடிய இடத்தில் நான் போய் நிற்பது அபூர்வம். நின்றதும் பேச்சு அடங்கியது.

"அக்கா, அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல."

"எதுக்கு?"

"பேன் ஏன் இருந்துச்சுன்னு கேட்ட."

ஒருத்தி என்னைப் பார்த்தாள், மற்றவர்கள் பூக்களைப் பார்த்தார்கள்.

"மருந்து ஏத்துனப்போ மயிரெல்லாம் கொட்டி அவ தலை வழுவழுன்னு கெடந்துச்சு. நீயும் பாத்த. அப்போ அதுல ஒரு பேன் கெடையாது, இருக்கவும் முடியாது. மயிர் மொளச்ச பெறவு அவ இந்த வாசலத் தாண்டல. பேன் பறக்காது, தாவாது. தலையோட தலை ஒட்டுனாத்தான் வரும். வந்து கட்டிப்புடிச்சு அழுதவங்க யாரோ குடுத்ததுதான். பக்கத்துல படுத்துக் கெடந்தவளுக்கும் அப்பிடித்தான் போச்சு."

 அக்காளின் அருகில் போய் நின்றேன்.

"அவள அனாதைப் பொணம்னு சொன்ன. யாரும் தொடாம இருந்திருந்தா அந்தத் தலையில ஒண்ணுமே இருந்திருக்காதுக்கா."

கொண்டை ஊசி காதுக்குப் பின்னால் நின்றுவிட்டது. மாலை கட்டிக்கொண்டிருந்த இளையவள் ஒருத்தி அதைக் கண்டு வாயைப் பொத்திச் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள்.

"அப்போ எனக்கு இருக்கது?" என்றாள் அக்காள்.

"நீ அவளுக்குக் குடுத்தியா, அவ ஒனக்குக் குடுத்தாளான்னு சொல்ல முடியாது."

"இம்புட்டுப் படிச்சு அதுகூடச் சொல்ல முடியலையாக்கும்."

"முடியல."

அவள் ஊசியைக் கொண்டையில் செருகினாள். மடியிலிருந்த பூக்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"ஏளா ரெஜினா, அங்கன என்ன நிக்க. இங்கன வந்து உக்காரு. மெழுகுவத்தி ஏத்துறவ இப்பிடியா பரட்டைத் தலையோட வாரது? யாராவது அந்தப் பேன் சீப்ப எடுங்க."

ரெஜினா நகரவில்லை. அக்காள் எழுந்து போய், அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் முன்னால் அமர்த்தினாள். தலையில் சுற்றிய துணியை அவிழ்த்துத் தரையில் விரித்தாள். அமருமுன் ரெஜினா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

தலைப் பேனின் ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம். ஜெசிந்தாவின் குருதியைக் குடித்தவற்றில் பெரும்பாலானவை அதற்குள் முடிந்திருக்கும். மிஞ்சியவை கிழடுகள், அல்லது அவற்றின் குஞ்சுகள். இதையும் நான் அறிவேன்.

சீப்பு இறங்கியது. வெள்ளைத் துணியின்மேல் அவை ஒவ்வொன்றாக விழுந்தன. நகத்தோடு நகம் சேரும் அந்தச் சிறிய ஓசை கேட்கத் தொடங்கியது. பழைய எண்ணெய் ஊறிய தலையின் மணம் வந்தது.  இடையில் அக்காளின் கை ஒருமுறை ரெஜினாவின் உச்சியில் வெறுமனே தங்கியிருந்தது.

பிறகு அவள் கட்டைவிரலை என் பக்கம் நீட்டினாள். நகத்தின்மேல் ஒரு பேன். பெரியது. வயிறு கருத்திருந்தது. பற்றிக்கொள்ள மயிர் இல்லாமல் கால்களை அசைத்தது.

"ஏலே, பேன் வாத்தியாரே" என்றாள். குரலில் கேலி இல்லை. "வேணுமா?"

அலமாரியில் சிறிய குப்பிகள் இருக்கின்றன. ஆல்கஹாலும் இருக்கிறது. தகட்டின் ஓரத்தில் ஒரு பெயர் எழுத வேண்டியிருக்கும்.

"வேண்டாம்க்கா."

அவள் மற்ற கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். ரெஜினா கண்ணை மூடிக்கொண்டாள். அக்காள் நகத்தைத் துணியில் துடைத்துவிட்டு, அடுத்த கற்றையைப் பிரித்தாள்.